பார்த்தலும் காணலும்: வீதி விபத்தும் கண்ணசைவு ஆராய்ச்சியும்

வீதி விபத்து ஒன்று நிகழ்ந்தபின் பொலிஸ் நிலையத்திலும் நீதவான் மன்றிலும் அடிக்கடி கேட்கப்படும் கூற்று ஒன்றுண்டு. "சந்தியில் நிறுத்தினேன், இருபுறமும் பார்த்தேன், வந்தவரைக் காணவில்லை" என்பதே அது. கேட்போர் பெரும்பாலும் இதனை நம்புவதில்லை. பட்டப்பகலிலே, நேரான தெருவிலே, மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்துகொண்டிருக்க, பார்த்தவர் அவரைக் காணாதிருத்தல் எங்ஙனம்? ஒன்றில் அவர் பார்க்கவேயில்லை. அன்றேல் கண்டும் பொய்யுரைக்கின்றார் என நாம் முடிவு கட்டிவிடுகின்றோம்.

ஆயின், பார்த்தல், காணல் என்னும் இரு சொற்களைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாகவே வேறுபடுத்தி வழங்கி வருகின்றனர். தொலைந்த பேனாவைத் தேடும் சிறுவனும் "எல்லா இடமும் பார்த்தேன், காணவில்லை" என்றே கூறுவான். பார்த்தல் கண்ணின் தொழில். காணல், கண்ணோடு கருத்தும் கூடியவிடத்து விளையும் பயன். தொழில் நிகழ்ந்தும் பயன் விளையாது போதல் உண்டென்பதை நமது அன்றாடப் பேச்சே ஒப்புக்கொள்கின்றது. வண்டியோட்டும் சாரதியின் கண் எங்கே செல்கின்றது, எவ்வளவு நேரம் அங்கே தங்குகின்றது என்பதைக் கருவி கொண்டு அளந்த விஞ்ஞானிகள் இவ்வுண்மையை வீதிகளிலே நிலைநாட்டியுள்ளனர். அவர்கள் கண்டவற்றையும், அவற்றால் நாம் பெறவேண்டிய படிப்பினையையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களால் மாண்டனர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும், சைக்கிளிற் செல்வோரும், மோட்டார் சைக்கிளிற் செல்வோருமாவர். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரைக் கொல்லும் காரணங்களுள் முதலிடம் பெறுவதும் வீதி விபத்தே. கல்லூரிக்கு வரும் வயதினரும், கல்லூரியை விட்டு அண்மையில் நீங்கிய வயதினருமே இதற்குப் பெரிதும் இரையாகின்றனர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் துணுக்குறுகின்றது.

விபத்தின் காரணத்தை அறிவதற்குப் பண்டு தொட்டுக் கையாளப்பட்டு வந்த வழிகள் இரண்டு. ஒன்று, வீதியிற் காணப்படும் தடயங்களை அளத்தல்; மற்றொன்று, சம்பந்தப்பட்டோரையும் சாட்சிகளையும் விசாரித்தல். ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தார் 1970 களில் பல விபத்துக்களை இவ்வாறு நுணுகி ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட விபத்துக்களில் மனிதனின் பிழை உறுதியான காரணமாகவோ, காரணமாயிருத்தல் கூடியதாகவோ அமைந்திருந்ததை அவர்கள் கண்டனர். அப்பிழைகளின் வரிசையில் முன்னணியில் நின்றவற்றுள் ஒன்று, சரிவரக் கவனித்துப் பாராமை. ஆயினும் 'சரிவரப் பாராமை' என்பது ஒரு பெயரேயன்றி விளக்கமன்று. சாரதி எதைப் பார்த்தார்? எதைப் பார்க்காது விட்டார்? அவரையே வினவினும் பயனில்லை. ஒரு செக்கனில் மூன்று நான்கு முறை இடம் மாறும் தம் கண்ணின் போக்கை ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இவ்விடத்திலேயே கருவியின் துணை வேண்டப்பட்டது.

கருவியைப் பற்றிக் கூறுமுன் கண்ணின் இயல்பைச் சிறிது நோக்குதல் நன்று. நம் முன்னே விரிந்துள்ள காட்சி முழுவதும் ஒரே தெளிவுடன் தெரிவதாகவே நாம் எண்ணுகின்றோம். இஃது ஒரு மயக்கம். கையை முன்னே நீட்டிப் பெருவிரலின் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்நகம் மறைக்கும் அளவான பகுதியே ஒரு கணத்தில் மிகக் கூர்மையாகத் தெரிவது. விழித்திரையின் நடுவேயுள்ள சிறு குழியில் ஒளியுணரும் கலங்கள் மிக நெருங்கியிருத்தலே இதற்குக் காரணம். அக்குழிக்கு அப்பாற் செல்லச் செல்லக் கூர்மை விரைந்து குன்றும். ஓரத்தில் விழும் பொருளின் அசைவு தெரியலாம். அதன் வடிவம் தெளிவாகத் தெரியாது.

ஆகவே, கண் ஓரிடத்தில் நில்லாது தாவிக்கொண்டேயிருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு செக்கனின் நாலிலொரு பங்கோ மூன்றிலொரு பங்கோ தங்கும். பின் வேறோரிடத்துக்குத் தாவும். தங்கும் நிலையை நிலைநோக்கு என்றும், தாவும் செயலைக் கண்தாவல் என்றும் இங்கே வழங்குவோம். இவற்றுள் கண்தாவலைப் பற்றி முதன்மையாக அறியவேண்டியது ஒன்றுண்டு. தாவும் அக்குறுகிய காலத்தில் காட்சியை மூளை பெரும்பாலும் அடக்கிவிடுகின்றது. இதனை எவரும் சோதித்து அறியலாம். ஒரு கண்ணாடியின் முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவதை அருகில் நிற்பவர் காண்பார், நீங்கள் காணமாட்டீர்கள். நிலைநோக்குகளின் இடையே உள்ள வெற்றிடங்களை மூளை தானே நிரப்பி, அறாத காட்சியொன்றை நமக்குக் காட்டுகின்றது. சந்தியிலே தலையை விரைந்து திருப்பி இருபுறமும் 'பார்த்துவிட்ட' சாரதிக்கு, இரு நிலைநோக்குகளின் இடையிலுள்ள வெளியில் ஒரு மோட்டார் சைக்கிள் மறைந்துபோதல் கூடும். அவ்வெளி உண்டென்பதே அவருக்குத் தெரியாது.

கண்ணின் இப்போக்கை அளக்கும் முயற்சி புத்தகம் வாசிப்போரிடமே தொடங்கியது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸ் நகரத்துக் கண்மருத்துவராகிய லூயி எமில் யவால் என்பாரின் ஆய்வுகூடத்தில், வாசிப்போரின் கண் வரியின்மேல் வழுக்கிச் செல்லாது தாவித் தாவிச் செல்கின்றது என்பது அறியப்பட்டது. அதன்பின் அமெரிக்கரான எட்மண்ட் ஹியூயி, கண்ணின்மேற் பொருந்தும் சிறு கிண்ணமொன்றில் மெல்லிய ஊசியை இணைத்து அவ்வசைவைப் பதிந்தார். கண்ணைத் தீண்டும் இம்முறை துன்பந் தருவதாயிருந்தது. 1901 ஆம் ஆண்டில் றேமண்ட் டொட்ஜ் என்பாரும் அவருடைய துணைவரும், விழியின் முகப்பிலுள்ள தெளிந்த படலத்தில் ஒளியைப் படச் செய்து, அங்கிருந்து தெறிக்கும் ஒளிப்புள்ளியை நிழற்படத் தகட்டிற் பதியும் வழியைக் கண்டனர். இன்றைய கருவிகளுட் பெரும்பாலானவையும் இத்தத்துவத்தையே தழுவியுள்ளன. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை விழியிற் செலுத்தி, அது தெறிக்கும் புள்ளியையும் கண்மணியின் நடுவையும் சிறு கமரா பதிகின்றது. அவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணினி கணித்து, நோக்கு விழும் இடத்தைக் காட்டுகின்றது. முன்னாளில் தலையை அசையாது கட்டிவைக்க வேண்டியிருந்தது. இந்நாளிலோ மூக்குக்கண்ணாடி போன்ற ஒன்றை அணிந்து, சாரதி தம் வழமைபோல வண்டியை ஓட்டலாம்.

இக்கருவி வீதிக்கு வந்தபின் வெளியான செய்திகள் பல. அவற்றுள் நான்கினை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, புதிய சாரதிக்கும் பழகிய சாரதிக்கும் உள்ள வேற்றுமை. ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூரன்ற், றொக்வெல் என்னும் இருவர் 1972 ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினர். பழகியோரிலும் புதியோர் வண்டிக்கு அண்மையிலுள்ள நிலத்தையும் வீதியோரத்தையுமே மிகுதியாக நோக்கினர். பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தது குறைவு. வண்டி வழியில் நிற்கின்றதா என்னும் ஒரே கவலை அவர்களின் கண்ணைக் கட்டிவைத்திருந்தது எனலாம். 1998 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறண்டல், அண்டர்வூட் என்போர் வெவ்வேறு வகையான வீதிகளில் இதனை ஆராய்ந்தனர். வீதி சிக்கலானபோது பழகியோர் தம் பார்வையை அகலப் பரப்பினர். புதியோரின் பார்வையோ வீதிக்கேற்ப அவ்வாறு மாறவில்லை. கையும் காலும் பழகிவிட்டமையால் ஒருவர் சாரதியாகிவிடுவதில்லை. கண்ணும் பழகுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, வளைவிற் செல்லும்போது கண் செல்லுமிடம். மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்னும் இருவர் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சாரதி வளைவுக்குள் நுழைவதற்கு ஒன்று இரண்டு செக்கன்களுக்கு முன்னரே, வளைவின் உட்பக்க ஓரம் திரும்பித் தோன்றும் புள்ளியை நாடி அவர் கண் செல்லுதல் காட்டப்பட்டது. கை திருப்புமுன் கண் திரும்புகின்றது. அங்ஙனம் கண் ஓரிடத்தை நாடிச் செல்லும் அச்சிறு பொழுதில் சாரதியின் கூரிய பார்வை வேறெங்கும் இராது. வளைவிலே வேகத்தைத் தணித்தல் சக்கரம் வழுக்காதிருப்பதற்கு மாத்திரமன்று. கண் தன் கடமை பலவற்றையும் செய்து முடிப்பதற்கு நேரம் அளிப்பதற்குமாம்.

மூன்றாவது, வீதியை விட்டுக் கண் நீங்கும் காலத்தின் அளவு. வேர்ஜீனியாத் தொழினுட்பக் கல்லூரியார் 100 கார்களில் கமராக்களைப் பொருத்தி, அவற்றை உரியவர்கள் ஓராண்டளவு தம் அலுவல்களுக்கு ஓட்டுமாறு விட்டனர். சாரதியின் முகத்தைக் காட்டும் படங்களைக் கொண்டு அவர் எங்கே நோக்கினார் என்பது கணிக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, பதிவான மோதல்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 இல், மோதலுக்குச் சற்று முன்னர் சாரதியின் கவனம் வீதியை விட்டு விலகியிருந்தது. வீதியை விட்டுக் கண் 2 செக்கனுக்கு மேல் நீங்கியிருப்பின் ஆபத்துக் குறைந்தது இருமடங்காயிற்று. 2 செக்கன் என்பது சிறிது காலமன்றோ எனலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி அக்காலத்தில் 33 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்கவும் நாம் அஞ்சுவோம். கைத்தொலைபேசியில் வந்த செய்தியை வாசிப்பவரோ அவ்வாறே வண்டியை ஓட்டுகின்றார்.

நான்காவது செய்தியே யாவற்றினும் வியப்புக்குரியது. கண் வீதியை விட்டு நீங்காதபோதும் காணாமை நிகழலாம். யூற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ட்றேயர் என்பாரும் அவர் குழுவினரும் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்தியது. வீதியைத் திரையிற் காட்டும் மாதிரிக்கூடத்தில் சாரதிகள் அமர்த்தப்பட்டனர். கையிற் பிடிக்கவேண்டாத தொலைபேசி மூலம் சிலபோது உரையாடியும், சிலபோது உரையாடாதும் அவர்கள் ஓட்டினர். வழியோர விளம்பரப் பலகைகளிற் கண் விழுந்ததைக் கருவி பதிந்தது. பின்னர் அப்பலகைகளை அடையாளங் காட்டுமாறு கேட்டபோது, உரையாடிக்கொண்டு ஓட்டியவேளை கண் நேரே தங்கியிருந்த பலகைகளையும் அவர்களால் நன்கு அடையாளங் காட்ட முடியவில்லை. கை சுக்கானில் இருந்தது. கண் வீதியில் இருந்தது. கருத்து மாத்திரம் அங்கே இருக்கவில்லை. 'கையில் வைத்துப் பேசவில்லை, ஆகவே தீங்கில்லை' என்போர் இதனை ஊன்றிச் சிந்திப்பாராக.

இனி, நாம் தொடங்கிய சந்திக்கே மீள்வோம். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில், சந்தியிலே திரும்பும் சாரதிகளின் தலையசைவை மறைவான கமராக்கள் கொண்டு சும்மாலா என்பாரும் பிறரும் ஆராய்ந்து, 1996 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்நாட்டில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகச் செல்வன. ஆகவே, வலப்புறம் திரும்புவோர் தமக்கு ஆபத்து விளைவிக்கும் கார்கள் வரும் இடப்புறத்தையே நோக்கினர். வலப்புறத்திலிருந்து சைக்கிளில் வருவோரை அவர்கள் நோக்கத் தவறினர். இது சோம்பலன்று, பழக்கம் கண்ணுக்குக் கற்பித்த பாடம். தன்னை அச்சுறுத்துவது வரும் திசையைக் கண் தேடுகின்றது. தன்னால் அச்சுறுத்தப்படுவோர் வரும் திசையை அது மறக்கின்றது. இடப்பக்கமாகச் செல்லும் நம் நாட்டில் இதனை மாற்றி வைத்து எண்ணுக. ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவுக்கு ஏறி இடப்புறம் திரும்பும் சாரதி வலப்புறத்தையே நோக்கியிருப்பார். அவ்வேளை தெருவோரமாக இடப்புறத்திலிருந்து வரும் சைக்கிளும், நடந்துவரும் பாடசாலைப் பிள்ளையும் அவருடைய பார்வைக்குப் புறம்பாவர்.

இன்னும் ஒன்று. நொட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 ஆம் ஆண்டில், சந்தியைக் கடக்கக் காத்திருந்த சாரதிகளை மாதிரிக்கூடத்திற் சோதித்தனர். அண்மித்து வந்த வாகனங்களைச் சொல்லுமாறு அவர்களைக் கேட்டபோது சிலர் சிலவற்றைக் கூறவில்லை. அவ்வாறு விடுபட்டவற்றுள் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களே மிகுந்திருந்தன. கண்பதிவை ஆராய்ந்தபோது, அவற்றைப் பாராமையே காரணம் என்று கொள்ள இடமிருக்கவில்லை. ஒரு வாகனத்தைப் பார்த்தபின் வேறிடங்களை எவ்வளவுக்கு நோக்கினார்களோ, அவ்வளவுக்கு முன் பார்த்தது நினைவினின்றும் வழுவியது. அதாவது, பார்த்தனர்; கண்டும் இருத்தல் கூடும்; மறுபுறம் திரும்பிய சில கணங்களுள் மறந்தனர். இதனாலேயே அவர்கள் எளியதோர் உபாயத்தைக் கூறினர்: மோட்டார் சைக்கிளைக் கண்டவுடன் 'சைக்கிள்' என்று வாய்விட்டுச் சொல்லுதல். கண்ணால் மாத்திரம் பெற்றது விரைவில் அழியும். நாவால் உச்சரித்தது சிறிது நேரமாவது நிற்கும். வாய்பாட்டை உரக்கச் சொல்லிப் படித்த நமக்கு இது புதிய தத்துவமன்று.

இவ்வளவும் கூறியபின், இக்கருவியின் எல்லையையும் மறவாது கூறுதல் முறை. நோக்கு விழுந்த இடத்தை அது காட்டும். நோக்கியவரின் உள்ளத்தைக் காட்டாது. மேலே கூறிய யூற்றா ஆய்விலும், பின்னர்க் கேட்ட வினாக்களே உண்மையைப் புலப்படுத்தின. கருவி தனித்து நின்று அதனைச் செய்யவில்லை. மேலும், ஒரு விபத்துக்குக் காரணம் ஒன்றேயன்று. தெருவை மறைக்கும் மதிலும், வெளிச்சமின்மையும், மிதமிஞ்சிய வேகமும், குடியும், உறக்கமும் ஒன்றோடொன்று கூடியே உயிரைக் கொள்கின்றன. கண்ணின் குறையைச் சொல்லிச் சாரதியின் பொறுப்பை நீக்க நாம் முயலவில்லை. தம் கண்ணின் குறையை அறியாத சாரதிக்கு இரக்கம் காட்டலாம். அறிந்தும் வேகத்தைக் குறையாதவர்க்கு அவ்விரக்கமும் உரியதன்று.

அறிந்ததனாற் செய்யத்தக்கவை யாவை? சந்தியிலே ஒருமுறை தலையைச் சுழற்றுதல் போதாது. ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணைச் சிறிது நிறுத்தி நோக்கி, புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். பெரிய வாகனத்தை மாத்திரம் தேடாது, சிறியதைக் குறித்துத் தேடுதல் வேண்டும்; சிறிய பொருள் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றி நம் மதிப்பீட்டைப் பிழைபடுத்தும். வண்டியோட்டும்போது தொலைபேசி உரையாடலை முற்றாக விலக்குதல் வேண்டும். மோட்டார் சைக்கிளிற் செல்வோர், 'அவர் என் பக்கம் பார்த்துவிட்டார்' என்பதை 'என்னைக் கண்டுவிட்டார்' எனக் கொள்ளலாகாது. வீதி அமைப்போர் சந்தியின் மூலைகளை மறைக்கும் பற்றைகளையும் பலகைகளையும் நீக்கி, வேகத்தைத் தணிக்கும் அமைப்புக்களை இடுதல் வேண்டும். மனிதர் பிழை செய்வர் என்பதை ஏற்றுக்கொண்டு, அப்பிழை உயிரிழப்பாக முடியாதவாறு வீதியை அமைத்தலே அறிவுடைமை.

கற்பித்தலிலும் மாற்றம் வேண்டும். பிரித்தானியாவில் 2002 ஆம் ஆண்டு முதல், அனுமதிப்பத்திரம் பெற விரும்புவோர் ஓடும் வீதிக் காட்சிகளைப் பார்த்து, ஆபத்து உருவாகும் தறுவாயை உடனுக்குடன் உணர்த்தும் பரீட்சையிலும் தேறவேண்டியுள்ளது. வீதிக் குறிகளை மனனஞ் செய்தல் ஒரு திறன். ஆபத்தை முன்கூட்டியே காணுதல் வேறொரு திறன். இப்பின்னைய திறனைப் பயிற்சியால் வளர்க்கலாம். அதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டுவதில்லை. தந்தையோ தமையனோ அருகிலிருந்து, "இப்போது எதைக் காண்கின்றாய்? அந்த மதிலுக்குப் பின்னால் யார் வரக்கூடும்?" என்று இடையிடையே வினவினாலே போதும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று நாள்தோறும் வண்டியோட்டுவோர். ஒரு காலத்தில் அவர்களும் புத்தகங்களைச் சுமந்துகொண்டு, மாலை மணி ஒலித்ததும் வாயிலால் ஓடிவந்து தெருவைக் கடந்தவர்களே. இன்றும் அவ்வாயிலால் பிள்ளைகள் ஓடிவருகின்றனர். வெள்ளைச் சட்டையணிந்த அப்பிள்ளை தெருவோரத்தில் நிற்கும்போது, நம் கண் அவன்மீது விழுந்தது என்பதனாற் பயனில்லை. அவனைக் கண்டோம் என்பதற்கு அடையாளம், நமது கால் தடையை மிதித்தலே.